சின்ன வீட்டு மிச்சம்

"இந்தப் பச்சை சோபாவுக்குப் பின்னால ரோஸ் கலர் அடிச்சா எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கண்ணே."

பெயிண்டர் சுவரையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருடமாகச் சுவர் பார்க்கிற கண் அவருக்கு. கரும்பச்சை சோபா, பின்னால் ரோஸ் சுவர். வெட்டி வைத்த தர்ப்பூசணி மாதிரிதான் இருக்கும். டி.வி. ரிமோட்டைப் பக்கத்தில் போட்டால் விதைகூட வந்துவிடும்.

"நான் என்னம்மா பண்றது? வீட்டுக்காரர் போன்ல ரோஸ்தான்னு சொன்னார். டப்பாவையும் கடையில வச்சிட்டுப் போயிட்டார், எடுத்துட்டு வந்தேன்."

"சொல்லுவார். அவரா இங்க உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் போறார்? மாசத்துல ஒரு நாள் வருவார். நின்னுக்கிட்டே ரெண்டு வார்த்தை பேசுவார், போயிடுவார்."

"வெளியூர்ல வேலையாம்மா?"

"வெளியூரா? ரெண்டு தெரு தள்ளி இருக்கார். இந்த ரோஸ் எங்கேருந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? அவரோட சின்ன வீட்டுக்கு அடிச்ச மிச்சம்."

பெயிண்டர் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். உண்மைதான், பாதி காலி. ஒரு பெண் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"உங்களுக்கு... அது தெரியுமாம்மா?"

"தெருவுக்கே தெரியும். இதுல என்ன ஒளிவு மறைவு? அங்க இருக்கிறவ நேத்து வந்தவ. ரோஸ் வேணும்னு வாயைத் திறந்தா, மறுநாளே ரோஸ். நான் ஏழு வருஷமா இந்த மனுஷனோட மல்லுக்கட்டறேன். சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாகூட அவரைக் கேட்கணும்."

அவள் சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டாள்.

"இது என் தையல் காசுல வாங்கினதுண்ணே. மூணு வருஷம் மெஷினை மிதிச்சிருக்கேன். சந்தனக் கலர் சுவத்துக்கு முன்னால போட்டுப் பார்க்கணும்னு ஒரு ஆசை. வாயைத் திறந்து கேட்டேன். 'இருக்கிறதை அடிச்சுக்கோ, பிடிக்கலேன்னா காலி பண்ணிட்டுப் போ'ன்னுட்டார்."

பெயிண்டருக்கு ரத்தம் கொதித்தது. காலையில் போனில் அந்த ஆள் பேசியது இப்போதுதான் உறைத்தது. 'அந்தம்மா ஏதாவது சொல்லும், காதுல வாங்காதே' என்றாரே. கட்டின பெண்டாட்டி 'அந்தம்மா'வாம். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு.

'ஹாலை ஒழுங்கா முடிச்சுக் குடு, அடுத்து இன்னும் மூணு வேலை தர்றேன்' என்றும் அதே வாய்தான் சொல்லியிருந்தது. பெயிண்டர் கையில் இந்த மாதம் வேறு வேலை இல்லை. ஒரு நிமிடம் யோசித்தார். ஒரே ஒரு நிமிடம்தான்.

ரோஸ் டப்பாவை மூடி ஓரமாக நகர்த்தினார். தன் வண்டியில் கிடந்த வெள்ளைப் பெயிண்ட் வாளியை எடுத்து வந்து, மஞ்சளையும் காவியையும் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். சோபாவை ஒட்டி உள்ளங்கை அகலம் பூசி, எட்ட நின்று பார்த்தார். இன்னும் ஒரு சொட்டுக் காவி சேர்த்தார். சரியாக வந்துவிட்டது.

"அவர் வந்தா சத்தம் போடுவாரேண்ணே."

"போடட்டும்மா. நான் பேசிக்கிறேன். நானும் தங்கச்சியோட பிறந்தவன்தான்."

சாயங்காலம் கடைசிச் சுவர் முடிகிற நேரத்தில், கையில் சாவிக்கொத்தோடு ஒரு வழுக்கைத் தலை உள்ளே நுழைந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யோவ், யாரைக் கேட்டுய்யா சந்தனம் அடிச்சே? நான் குடுத்த ரோஸ் எங்கே?"

பெயிண்டர் ஏணி மேலேயே நின்றுகொண்டு திரும்பினார்.

"அந்த ரோஸை நேத்து வந்தவளுக்கே கொண்டு போய்க் குடுங்க. ஏழு வருஷமா இருக்கிறவங்களுக்கு மிச்சம், அவளுக்கு மட்டும் கேட்ட கலரா? ஒரு வீட்டையே ஒழுங்கா வச்சுக்கத் துப்பில்லை, இதுல சின்ன வீடு வேற. உங்க வயசுக்கு இது அடுக்குமா?"

வந்தவர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார், பெயிண்டரைப் பார்த்தார்.

"ஆமாய்யா, சின்ன வீடுதான். ரெண்டே ரூம். என் வசதிக்கு அதுதான் முடிஞ்சுது. இப்ப அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு பார்த்துக்கிட்டிருக்கேன். உனக்கு என்ன வந்துச்சு?"

பெயிண்டருக்கு ஏணி ஆடியது. அடப்பாவி, கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? கையிலிருந்த பிரஷ்ஷை அவர் ஓங்கியே விட்டார்.

அந்த நேரம் பார்த்து, டிபன் பையோடு இன்னொருவர் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சுவரைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்தார்.

"அட, நீ சொன்ன மாதிரியே பொருத்தமா இருக்கே" என்று அவளிடம் சொல்லிவிட்டு, உரிமையோடு சோபாவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

ஓங்கிய பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டுச் சந்தனம் பெயிண்டரின் மூக்கில் விழுந்தது.

"இவர் யாரும்மா?"

"இவரா? இவர் என் வீட்டுக்காரர்ண்ணே" என்றாள் அவள். பிறகு சாவிக்கொத்துக்காரரைக் கை காட்டினாள். "அவர், இந்த வீட்டுக்காரர்."