மஞ்சள் கோடு
மோர்னிங்சைட் அடுக்குமாடியின் பின்னால், மேகம் மூடிய மாலையில், தரையிலுள்ள மஞ்சள் கோட்டின்மேல் வாளியைக் கவிழ்த்துக் குந்தியிருக்கிறார் நவரட்ணம், பந்து பிடிக்கும் தோல் கையுறையுடன். எதிரே நிற்கும் மகன் வாகீசன் சிறுவயதிலிருந்து அந்தக் கோடுவரை பந்தெறிந்து பழகி வளர்ந்தவன். முழங்கைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வேகம் திரும்பவில்லையென்று தொழில்முறை பேஸ்போல் அணி நேற்று அவனை நிறுத்திவிட்டது. இப்போது அவன் எறிகிறான். பந்து பாதிவழியில் தரையில் குத்தி, உருண்டுவந்து, அப்பாவின் சப்பாத்தில் மெல்ல முட்டுகிறது. அவன் முழங்கைத் தழும்பை மறுகையால் பொத்திக்கொள்கிறான். நவரட்ணம் எழும்பி, ஒருநாளும் தாண்டாத கோட்டைத் தாண்டி, வாளியை முன்னே கொண்டுவந்து வைக்கிறார். "அதில இருந்தால் வெயில் கண்ணுக்குள்ள அடிக்குது தம்பி. கொஞ்சம் கிட்ட வாறன்." வாகீசன் சாம்பல் வானத்தை அண்ணாந்து பார்க்கிறான். "ஓம் அப்பா," என்கிறான், "சரியான வெயில்."