மேலே நின்றவர்

"ஓட்டுறவனுக்கு என்னம்மா தெரியும்? கையகலத்துக்கு ஒரு இடுக்கு. அவ்வளவுதான்."

எமில் உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டினார்.

சுகிர்தம் அந்தக் கையையே பார்த்தாள். இதைக் கேட்கத்தான் பிரான்சில் ரூ காய் என்ற இந்தத் தெருவில் மூன்று மாடி ஏறி வந்திருந்தாள்.

எண்பத்தைந்தாம் ஆண்டில், ஊரில், அவள் கணவன் பேதுருவின் மேல் இராணுவக் கவச வண்டி ஏறியது. பட்டப்பகல். மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஆளைக் கண்டுதான் ஏற்றினானா, காணாமலா? யாரிடம் போய்க் கேட்பது? இங்கிலீசுக்காரன் செய்த வண்டி என்று மட்டும் பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்படியொன்றில் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு போன புதுச்சேரி ஐயா ஒருவர் இருக்கிறார் என்று கடையில் பேச்சு வந்த அன்றோடு அவளுக்கு நித்திரை போயிற்று.

எமிலுக்கோ, கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம்.

"கொவென்ட்ரின்னு பேரு. ரெண்டு கம்பெனிக்காரன் கூடிச் செஞ்சான், ஜெர்மன்காரனை அடிக்கறதுக்கு. வண்டி வெளிய வர்றதுக்குள்ள சண்டையே முடிஞ்சு போச்சு! கல்யாணம் முடிஞ்சு வந்த மேளக்காரன் மாதிரி நின்னுது. பிரான்சு வாங்கிச்சு. நாங்க சைகோன்ல ஓட்டினோம்."

"ஆரம்பிச்சிட்டாரு," என்றாள் அவர் மனைவி மதலேன், அடுப்படியிலிருந்து. "அந்தப் பொண்ணு காப்பியையாவது குடிக்கட்டும்."

"அப்ப ஓட்டினவருக்கு ஆள் தெரிஞ்சிராது, என்ன ஐயா?"

"எப்படித் தெரியும்? மேல ஒருத்தன் தலைய வெளிய நீட்டிக்கிட்டு நிப்பான். அவன் சொல்ற பக்கம் இவன் திருப்புவான். நான் மேலதான். பட்டாளத்துல செர்ழான் இல்லையா, சார்ஜென்ட்டு!"

சுகிர்தம் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ரை மனிசன் அப்பிடியொண்டுக்குக் கீழைதான் போனவர், ஐயா. மேலை நிண்டவர் கண்டிருப்பாரோ?"

எமிலின் கை மேசைக்கு இறங்கியது.

வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அடுப்படியில் சத்தம் நின்றிருந்தது.

"புழுதிம்மா," என்றார் கடைசியில். "வண்டி கிளம்பினா ஒரே புழுதி. அந்தக் கிழவி எங்கேருந்து வந்தான்னே எனக்குத் தெரியல. சத்தியமா தெரியல."

எந்தக் கிழவி என்று சுகிர்தம் கேட்கவில்லை.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செர்ழான் போய், யாரோ ஒரு கிழவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஓம் ஐயா," என்றாள். "புழுதிக்குள்ளை என்னெண்டு தெரியும்."

எமில் மூச்சை விட்டார்.

சுகிர்தம் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தாள்.

பேதுரு போன அன்று, ஊரில் விடியக்காலையிலிருந்து மழை.