எல்லாருக்கும் மேலே

ஓர் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் முன்பதிவுப் பொத்தான் ஒன்று இருந்தது. பொங்கலுக்கு வந்த வாழ்த்துப் பலகை அதன் தலைமேலேயே உட்கார்ந்துவிட்டது. நோயாளிகள் பலகையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார்கள்.

“எழுந்திருய்யா. சித்திரையே பொறந்தாச்சு,” என்று பொத்தான் சீறியது.

“என்னை இங்கே வச்சவங்க, எல்லாருக்கும் மேலே இருன்னு நிரல்ல ஒரு வரி எழுதிட்டுப் போனாங்க. அதை எங்கே எழுதினோம்னு அவங்களுக்கே இப்போ தெரியலை. நான் என்ன செய்ய?” என்றது பலகை.

ஒருநாள் நிரல் எழுதுபவர் வந்தார். அந்தப் பழைய வரியைத் தேடிச் சலித்துப்போய், பொத்தான் பலகைக்கும் மேலே இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு வரி ஒட்டிவிட்டுக் கிளம்பினார்.

“இனி எவன் என்மேல் உட்காருவான், பார்க்கிறேன்,” என்று பொத்தான் கறுவியது.

முதல் நோயாளி அதைத் தட்டினார். தேதி கேட்கும் நாட்காட்டி, பொத்தானுக்கு அடியில் விரிந்தது.

“எழுந்திருய்யா. ஒரு தேதியும் தெரியலை,” என்று நாட்காட்டி சீறியது.

“நான் என்ன செய்ய?” என்றது பொத்தான்.