சாவி பிடித்தவர்

2018 ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை. திருச்சி, புத்தூர். மாடி அறை ஒன்றில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், முப்பத்தேழு பார்வையாளர்கள்.

மாலை ஆறே முக்காலுக்கு அவள் கதவைப் பூட்டினாள்.

கதவு கிடையாது. பூட்டும் கிடையாது. அவளும் ஜெரால்டும் நடிக்கும் நாடகத்தில் மேடைப் பொருள் எதுவும் இருக்காது, எழுதிய வசனமும் இருக்காது. பார்வையாளர் ஒருவர் ஒரு சொல் தருவார். அதிலிருந்து தொடங்க வேண்டும்.

விதி ஒன்றுதான். காற்றில் செய்ததை மறக்கக் கூடாது. வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். பூட்டிய கதவு, திறக்கும் வரை பூட்டியிருக்கும்.

அன்று வந்த சொல்: வாடகை வீடு.

ஜெரால்டு வீட்டுக்காரன் ஆனான். அவள் குடியிருப்பவள்.

முதல் வரிசையில் சென்னை நாடகக் குழு ஒன்றின் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். இருவரில் ஒருவரை எடுத்துக்கொள்ள வந்திருந்தார். ஜெரால்டு பேசப் பேசச் சிரித்தார். அவள் பேசியபோது கைபேசியைப் பார்த்தார்.

அதை அவள் கவனித்தாள்.

“குழாய் ஒழுகுதுன்னு சொன்னியேம்மா, இரு பாக்குறேன்” என்று ஜெரால்டு குளியலறைக்குள் போனான்.

குளியலறை என்பது கறுப்புத் திரைக்கும் பின்சுவருக்கும் நடுவில் இரண்டடி இடம். அங்கிருந்து வெளியே போக வேறு வழி இல்லை.

அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். பூட்டை அமுக்கினாள். சாவியை உருவிக்கொண்டாள்.

கூட்டம் சிரித்தது.

உள்ளிருந்து தட்டினான்.

அவள் பார்வையாளர்கள் பக்கம் திரும்பினாள்.

“பக்கத்து வீட்ல ஆணி அடிக்கிறாங்க.”

அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

பிறகு பதினொரு நிமிடம் மேடை அவளுடையது. சுவருக்குப் பிடித்த நிறம் பூசினாள். அம்மாவுக்கு ஃபோன் செய்து வீடு வாங்கிவிட்டதாகச் சொன்னாள். இயக்குநர் கைபேசியைப் பைக்குள் வைத்தார்.

கடைசியில் சாவியைக் கூட்டத்தை நோக்கி எறிந்தாள்.

மூன்றாவது வரிசையில் வெளிர்நீலச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். ஒரு கையால் எட்டிப் பிடித்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கைதட்டல். விளக்கு அணைந்தது.

தட்டும் ஓசை எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வணக்கம் சொல்ல ஜெரால்டு வரவில்லை. திரையை விலக்கிப் பார்த்தார்கள். சுவர் மட்டும்தான் இருந்தது.

“கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான் போல. விடு, நாளைக்கு வந்து உன்னைக் கடிச்சுக் குதறுவான்” என்றான் விளக்குப் பார்த்த சாதிக்.

இயக்குநர் அவளிடம் கேட்டார். “ஒண்ணாம் தேதி சென்னை வந்துருவீங்களா?”

அவருடன் பேசிக்கொண்டே படியிறங்கினாள். கீழே செருப்புகளுக்கு நடுவே ஜெரால்டின் செருப்பு கிடந்தது.

திங்கட்கிழமையும் கிடந்தது.

காவல் நிலையத்தில் அவள் சொன்னதை எழுதினார்கள். கதவைப் பூட்டியது நான்தான் என்றாள்.

“எந்தக் கதவு?”

அவளால் காட்ட முடியவில்லை. அந்த வரியை அடித்தார்கள்.

ஒன்றாம் தேதி சென்னைக்குப் போனாள்.

நான்கு ஆண்டுகளில் சுவரொட்டிகளில் அவள் பெயர் மேலே வந்தது. எந்த நாடகத்திலும் அவள் காற்றில் கதவு செய்வதில்லை. அது அவளுடைய தனிப் பாணி என்று ஒரு விமர்சகர் எழுதினார்.

2022 அக்டோபரில் நாடகத்துக்காகத் திருச்சி வந்தாள். ஏழு மணிக்குத்தான் காட்சி. இரண்டு மணிக்கு அந்த மாடிக்கு ஏறினாள்.

இப்போது அங்கே தையல் வகுப்பு. சாப்பாட்டு இடைவேளை. ஆசிரியை மட்டும் இருந்தார்.

டொக். டொக். டொக்.

“அது ஒண்ணுமில்லைங்க. பக்கத்து வீட்ல ஆணி அடிக்கிறாங்க போல. வந்த நாள்லேர்ந்து அடிச்சுக்கிட்டேதான் இருக்காங்க.”

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பக்கத்தில் வீடு இல்லை. காலி மனை. கருவேலம் மண்டியிருந்தது.

தையல் இயந்திரங்களுக்கு நடுவே நடந்து, பின்சுவருக்கு இரண்டடி முன்னால் நின்றாள். கையை நீட்டினாள்.

விரலில் பூட்டு பட்டது. குளிர்ந்திருந்தது.

காற்றில் ஒரு சாவி செய்தாள். நுழைந்தது. திரும்பவில்லை.

தட்டுவது நின்றது. உள்ளே யாரோ காத்திருப்பதுபோல் இருந்தது.

சாதிக்கிடம் அன்றைய வீடியோ இருந்தது. வருகை நோட்டும் இருந்தது. மூன்றாவது வரிசை, வெளிர்நீலச் சட்டை: நாகசுந்தரம், கருமண்டபம்.

தபால் துறையில் ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததுமே அவளைத் தெரிந்துகொண்டார்.

“சாவிதானம்மா? குடுத்துட்டுப் போகலாம்னு படிக்கட்டுக்குக் கீழ முக்கால் மணி நேரம் நின்னேன். நீங்க யார்கூடவோ பேசிக்கிட்டே ஆட்டோ ஏறிட்டீங்க.”

“அதை ஏன் கேக்குறீங்க” என்றார் அவர் மனைவி, சமையலறையிலிருந்து. “ஒரு மாசம் அந்தப் பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு. இல்லாத சாவிக்குக் காவல் இருந்த மனுஷன் இவரு ஒருத்தருதான்.”

“அந்தச் சட்டை இருக்கா சார்?”

அவர் மனைவியைப் பார்த்தார்.

“நீலச் சட்டையா? காலர் கிழிஞ்சு போச்சே. பழைய துணியோட சேத்துப் பாத்திரக்காரன்கிட்டப் போட்டாச்சு. அது ஆச்சு, ரெண்டு வருஷம்.”

மனைவி வெளியே வந்தார். கையில் எவர்சில்வர் சொம்பு.

“அதுக்கு இதைத்தான் குடுத்தான். தண்ணி குடிங்கம்மா, முகமே வாடிக் கிடக்கு.”

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

சொம்பு குளிர்ந்திருந்தது.

முழுவதையும் குடித்தாள்.

ஏழு மணிக்கு நாடகம் தொடங்கியது. அரங்கு நிறைந்திருந்தது.