உதாரணத் தொழிலாளி

என் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை என்று மேனேஜர் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

மீட்டிங் ஹாலின் வெள்ளைச் சுவரில் என் மூளை ஆளுயரத்துக்குத் தெரிந்தது. மேனேஜர் அதன்மேல் சிவப்பு விளக்கை ஓட்டினார். இங்கே கட்டி இல்லை, இங்கேயும் இல்லை, பின்பக்கம் பாருங்கள், அங்கேயும் இல்லை. வீடு பார்க்க வந்தவர்களுக்கு அறை அறையாகத் திறந்து காட்டும் புரோக்கரின் உற்சாகம் அவர் குரலில் இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி வறுத்த முந்திரி தின்றுகொண்டிருந்தார்.

ஈஸ்வரி என்ற பெண் மனு கொடுத்திருந்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் இந்தக் கம்பெனியில் தன் புருஷன் வரதன் பதினோரு வருடம் கெமிக்கல் டேங்கில் இரும்புச் சாமான்களை முக்கிக் கழுவினான், அந்த ஆவியைச் சுவாசித்தே மூளையில் கட்டி வந்துவிட்டது, ஆபரேஷனைக் கம்பெனிதான் செய்து வைக்க வேண்டும் என்று. இந்த மாதத்தைத் தாண்டினால் கண் இரண்டும் போய்விடும் என்று டாக்டர் எழுதிய சீட்டையும் இணைத்திருந்தாள்.

கம்பெனி இரண்டு பதில் வைத்திருந்தது. வரதன் என்ற பெயரில் இங்கே யாரும் வேலை செய்ததே இல்லை, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்தது, இந்தக் கெமிக்கலால் கட்டியெல்லாம் வராது. அதற்குச் சாட்சி நான்.

வேலையே செய்யாதவனுக்கு எதற்கய்யா இரண்டாவது பதில் என்று அதிகாரி கேட்டிருக்கலாம். முந்திரி நல்ல பதத்தில் வறுபட்டிருந்தது போலும்.

“தணிகைவேல். பதினோரு வருஷம், ஒரே டேங்க்,” என்று மேனேஜர் என் தோளைத் தட்டினார்.

பதிவேட்டில் என் பெயரைக் காட்டினார். தீபாவளிக்கு மறுநாள்கூட லீவு போடாத உழைப்பாளியாம். கடைசி மூன்று மாதப் பக்கங்களை மட்டும் படிக்காமல் புரட்டிவிட்டார். பிறகு என் கைகளைத் தூக்கிப் பிடித்தார். தோல் உரியவில்லை, விரல் வெடிக்கவில்லை. கழுத்தில் மாட்டிவிட்டிருந்த கேட் பாஸையும் காட்டினார். அதிலிருந்த போட்டோ வெளுத்துப்போய் மீசை மட்டும்தான் மிச்சமிருந்தது.

போன வாரம்வரை இந்த மனுஷனுக்கு என் முகமே தெரியாது. காண்ட்ராக்ட் ஆட்களின் முகத்தைப் பார்க்கிற வழக்கம் மாடியில் இருப்பவர்களுக்குக் கிடையாது. இப்போது ஏசி காரில் சென்னைக்கு அழைத்துப்போய், வழியில் நாஷ்டா வாங்கிக்கொடுத்து, ஸ்கேனும் எடுத்து, ‘நம்ம தணிகை’ என்கிறார்.

என் முதுகுக்குப் பின்னால் காண்ட்ராக்டர் நின்றிருந்தார். அன்பு என்று அவருக்குப் பேர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

“தலைய மட்டும் ஆட்டு. வாயத் தொறந்த, குடும்பத்தோட உள்ள போவீங்க,” என்று காதருகே சொன்னார்.

ஆட்டினேன். என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் ஆட்டினேன்.

ஈஸ்வரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முந்திரித் தட்டு அவ்வளவு தூரம் போகவில்லை. அவள் மேனேஜரையோ அதிகாரியையோ பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வந்தது வந்தாயிற்று, இடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றார். ஃபைலில் வைக்க போட்டோ வேண்டுமே. மனு கொடுத்த அம்மாவும் கூட வரலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

எல்லோருக்கும் உறை பிரிக்காத புது மாஸ்க் கொடுத்தார்கள். பத்து நிமிஷம் நிற்கப்போகிறவர்கள் அல்லவா, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“வாப்பா, நீ வேலை செய்யற டேங்கைக் காட்டு,” என்றார் அதிகாரி.

மேனேஜர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். நான் முன்னால் போனேன். கேமராக்காரன் பக்கவாட்டில் ஓடிவந்தான்.

நடைவழியின் முடிவில் இரண்டு இரும்புக் கதவுகள் இருந்தன. இரண்டும் மூடியிருந்தன. எதிலும் எழுத்து இல்லை.

நின்றேன். பின்னால் வந்த அத்தனை பேரும் நின்றார்கள்.

வலது கதவைத் தள்ளினேன். உள்ளே உடைந்த நாற்காலிகளும், போன ஆயுத பூஜைக்குக் கட்டிய காகிதத் தோரணமும் கிடந்தன.

அதிகாரி முதல்முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பையன் பதற்றத்தில் இருக்கிறான் சார் என்றார் மேனேஜர். எனக்கு நாற்பத்திரண்டு வயது. அன்பு என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஈஸ்வரி முன்னால் வந்தாள். இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். உள்ளிருந்து அடித்த காட்டத்தில் அதிகாரி மாஸ்க்கின்மேல் கையையும் வைத்துப் பொத்திக்கொண்டார்.

“அது இல்ல மாமா, இது,” என்றாள் என்னிடம். குரலில் கோபம்கூட இல்லை. “அவரு மயங்கி வுழுந்தன்னிக்கு இந்தக் கதவு வழியாதான் தூக்கினு போனேன். பத்தாங்கிளாசு பாஸானது நீங்க. ஒங்க சர்டிபிகேட்ட வச்சிகினு, ஒங்க பேருல, பதினோரு வருசம் இங்க வந்தது ஒங்க தம்பி.”