பேச மறுத்த பெஞ்ச்

“சொதப்பினா சாயங்கால ரயில்ல ஊருக்குத் திரும்பிடு, எம்ரிஸ்,” என்று காலையிலேயே மேனேஜர் சொல்லிவிட்டார். ஊரில் காத்திருந்தது நிலக்கரிச் சுரங்கம். 1908இல், தொழில்முறை பேஸ்பாலில் அதுதான் அவனுக்கு முதல் ஆட்டம்.

ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதைப் பந்துவீசி முடித்துவிட்டு வந்து தன் அணியின் பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த இருவரும் சட்டென்று எழுந்து தள்ளிப் போனார்கள்.

“டோலன், தப்பா வீசி ரெண்டு பேரை அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகவிட்டுட்டேன். அதுக்கா கோவம்?”

காலையெல்லாம் ‘சுரங்க எலி’ என்று அவனைக் கலாய்த்த டோலன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், என்னை மாத்தப் போறீங்களா?”

மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எட்டாவது இன்னிங்ஸ் முடிந்தும் அதே மௌனம்தான். போவதுதான் போகிறோம் என்று ஒன்பதாவதில் தோள் கழன்றுவிடும்போல வீசினான் எம்ரிஸ். எதிரணியின் கடைசி ஆள் மட்டையைச் சுழற்றினான். அடிபட்டது காற்றுதான்.

அரங்கமே எழுந்து கத்தியது. டோலன் ஓடிவந்து அவனை அப்படியே தூக்கினான்.

“டேய் சுரங்க எலி! ஒன்பது இன்னிங்ஸ்! ஒருத்தன்கூட உன் பந்துல ஹிட் அடிக்கலடா! பெரிய பெரிய ஆளுங்களுக்கே இது வாய்க்காது!”

“அப்புறம் ஏன்யா ஒருத்தரும் என்கிட்ட பேசல?”

“நடுவுல அதைப் பத்திப் பேசினா திருஷ்டி பட்டுடும்டா! அரை மணி நேரமா நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்!”

மேனேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “எம்ரிஸ், பெட்டியைக் கட்டு.”

அவன் முகம் வெளுத்தது.

“சிகாகோவுல அடுத்த மேட்ச். சாயங்கால ரயில், எங்களோட!”