பாதியில் நிற்கும் பாடம்

என் வீடியோ பாடத்தை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை.

பிள்ளைகள் அரை மணி நேரப் பாடத்தை வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டும், வகுப்பில் கணக்குப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் யார் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள் என்று கணினி காட்டியது.

"அந்த எடத்துல இன்னா பண்றீங்க டீச்சர்? பாடுறீங்களா?" என்றார் தலைமையாசிரியர் பர்னபாஸ். "இந்த வாரமும் இப்படியே இருந்தா, பழையபடி கரும்பலகைதான்."

அந்த இடத்தில் ஒரு நகைச்சுவை சேர்த்தேன். நிறுத்தினார்கள். புதுப் புடவை கட்டி, சிரித்த முகத்தோடு மறுபடி எடுத்தேன். அப்போதும் நிறுத்தினார்கள். 'கர்த்தரே, என் சிரிப்பு அவ்வளவு மோசமா?' என்று ஜெபத்திலேயே கேட்டுவிட்டேன்.

கடைசியில் பத்தாம் வகுப்பு பிளெசியைக் கூப்பிட்டேன்.

"உண்மையச் சொல்லு. என் மூஞ்சி சகிக்கலையா?"

"ஐயோ மிஸ்! நான் உங்க வீடியோவப் பாத்ததே இல்ல. போன் அம்மாவோட பெங்களூரு போய்டுது. டிரெயின்ல மாலூர் வரிக்கும் லேடீஸ் எல்லாம் ஜெபம் பண்ணுவாங்க. அப்புறம் எங்க கிளாஸ் அம்மாங்க உங்க பாடத்தப் போடுவாங்க. வைட்ஃபீல்டு வந்தா வேலைக்கு எறங்கணுமே! சாயங்காலம் வந்து எங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க."

அடுத்த பாடத்தை வைட்ஃபீல்டு வருவதற்குள் முடியும்படி சுருக்கினேன். முதல் வரியையும் மாற்றினேன்.

"வணக்கம்மா. உட்கார எடம் கெடைச்சுதா?"